வினாடி வினா மேடையில் விளையும் ‘தகுதி’

காலாண்டுத் தேர்வுக்கு முன்னும் பின்னுமாக, நகரங்களின் பெரிய தனியார் பள்ளிகளில் ஒரு பருவம் வந்து போகும். கணினித் திருவிழா, டெக் ஃபெஸ்ட், ஐடி வினாடி வினா என்று பேனரில் பெயர் மாறுமே தவிர, உள்ளே நடப்பது ஒன்றுதான். இணையதளம் வடிவமைத்தல், நிரல் எழுதுதல், கணினியில் படம் வரைதல், குறும்படம், கேமிங் என்று காலையில் பல அறைகளில் போட்டிகள். மாலையில் குளிரூட்டப்பட்ட அரங்கில் மேடையேறும் ஆறு அணிகள், மைக் பிடித்த நடத்துநர், பின்னால் பெரிய திரை. எல்லாப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டி முதலிடம் வந்த பள்ளிக்குச் சுழற்கோப்பை. பெயருக்குத்தான் அது சுழற்கோப்பை. நகரத்தின் நாலைந்து பள்ளிகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அறையின் அலமாரிக்குள் அது வந்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பிள்ளைகள் விளையாட்டைப் போய் சாதி ஒழிப்புத் தளத்தில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீட் தேர்வைப் பற்றியும் ஐஐடிகளைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேச வேண்டும். ஆனால் ‘தகுதி’ என்கிற சரக்கு அங்கே முத்திரை குத்தி விற்கப்படுகிறது, அவ்வளவுதான். உற்பத்தி நடப்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும், இப்படிப்பட்ட மேடைகளில். வீட்டிலிருந்து வந்ததை ‘அறிவு’ என்று பெயர் மாற்றி, கோப்பையும் சான்றிதழும் கொடுத்து, அதை அந்தப் பிள்ளையே நம்பும்படி செய்கிற இடம் அது. அரங்கத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளையையும் அதே பொய்யை நம்பவைக்கிறது என்பதுதான் அதைவிட மோசம்.

அழைப்பு யாருக்கு வருகிறது?

முதல் கேள்வி கேட்கப்படும் முன்பே போட்டியின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அழைப்பு மின்னஞ்சலில் போகும். யாருக்கு? போன ஆண்டு வந்த பள்ளிகளின் பட்டியல்தான் இந்த ஆண்டின் பட்டியல். பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். பள்ளிக்கென்று ஒரு கணினி மன்றம், அதற்கு ஒரு பொறுப்பாசிரியர், போய்வர ஒரு வேன் எல்லாம் இருப்பதாக அந்த மின்னஞ்சல் தானாகவே நினைத்துக்கொள்கிறது. அரசுப் பள்ளியில் வேலை நாளில் இரண்டு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும், அந்த ஆசிரியரின் பாடவேளையை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், பேருந்துக் கட்டணம் ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து வர வேண்டும். இவ்வளவும் அழைப்பு வந்தால்தான்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை நடத்தும் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். மாநகரங்களின் கணினித் திருவிழா அழைப்பு அவற்றில் எத்தனைக்குப் போனது என்று விழா நடத்தும் பள்ளிகள் தங்கள் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்.

அழைப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தயாராவது எங்கே? தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, 2017-18இல் எடுத்தது, ஒரு கணக்குச் சொல்கிறது. இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில், நகர்ப்புற வீடுகளில் 23.4 விழுக்காட்டில். இணைய வசதி கிராமத்தில் 14.9, நகரத்தில் 42 விழுக்காடு. ‘இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே’ என்று உடனே ஒரு பதில் வரும். போன் யார் கையில் இருக்கிறது? வேலைக்குப் போகும் அப்பாவோடு காலையில் கிளம்பி, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் போன் அது. அதில் நிரல் எழுதிப் பழக முடியாது. ஐந்து வயதிலிருந்து வீட்டு மேசைமேல் ஒரு கணினியும், அது பழுதானால் சரிசெய்ய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு சித்தப்பாவும் இருக்கும் பிள்ளையோடு இந்தப் பிள்ளையை ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவதற்குப் பெயர் ‘சம வாய்ப்பு’.

கேள்வித்தாள் யாருடைய தலபுராணம்?

இந்தியாவில் வினாடி வினா எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்தியதைத்தான் நாட்டின் முதல் பொது வினாடி வினா என்று சொல்வார்கள். 1972இல் போர்ன்விட்டா வினாடி வினா வானொலிக்கு வந்தது. 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் ‘குவிஸ் டைம்’. 1999இல் டிசிஎஸ் நிறுவனம் பள்ளி மாணவர்களுக்கென்று ‘ஐடி விஸ்’ தொடங்கியது. ஆங்கிலவழிப் பள்ளிகளும் நகரத்து மன்றங்களும் தங்களுக்குள் ஆடிவந்த ஓர் ஆட்டம், தகவல் தொழில்நுட்பம் பணம் கொழிக்கத் தொடங்கிய காலத்தில் கணினி என்ற புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டது.

அந்தச் சட்டைக்குள் இருப்பது என்ன? கூகுளுக்கு முன்பு இருந்த பெயர் என்ன? பேக்ரப். ஆப்பிளின் கடித்த ஆப்பிளை வரைந்தவர் யார்? ராப் ஜனாஃப். ஹெச்பி நிறுவனம் தொடங்கப்பட்ட கார் கொட்டகை எந்த ஊரில் இருக்கிறது? பாலோ ஆல்டோ. இதற்கெல்லாம் பதில் சொல்ல நிரல் எழுதத் தெரிய வேண்டாம், ஒரு கணினியைத் திறந்து பார்த்திருக்கக்கூட வேண்டாம். நம் ஊரில் கோயில்களுக்குத் தலபுராணம் எழுதிவைத்திருக்கிறார்கள். இது அமெரிக்க நிறுவனங்களின் தலபுராணம். சின்னம், விளம்பர வாசகம், நிறுவனரின் கல்லூரி அறை. அந்தப் புராணத்தை ஒப்பிப்பவருக்குத் தொழில்நுட்ப அறிவாளி என்று பட்டம்.

புராணத்தில் எது இடம்பெறாது என்பதைப் பாருங்கள். 1865இல் பின்லாந்தில் காகித ஆலையாகத் தொடங்கிய கைபேசி நிறுவனம் எது என்று கேட்பார்கள். நோக்கியா என்று ஆறு அணிகளும் பஸ்ஸரை அழுத்தும். அதே நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் ஆலையை நிறுத்தியது. அங்கே கைபேசி செய்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பகுதி நம் ஊர்களிலிருந்து போன இளம்பெண்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தத் திரையிலும் கேள்வி வராது.

ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெயரைக் கேட்பார்கள். அந்த ஜாக் டோர்சி 2018 நவம்பரில் இந்தியா வந்தபோது பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்க்கச் சொல்லும் பதாகையைக் கையில் பிடித்த ஒரே காரணத்துக்காக எழுந்த கூச்சலையும், அவருடைய நிறுவனம் மன்னிப்புக் கேட்டதையும் கேட்க மாட்டார்கள். சிஸ்கோ என்ற பெயர் எந்த நகரத்தின் பெயரிலிருந்து வந்தது என்று கேட்பார்கள். 2020இல் கலிபோர்னியா மாநிலம் அந்த நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்ததைக் கேட்க மாட்டார்கள். சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் எது? 2023 பிப்ரவரியில் சியாட்டில். மைக்ரோசாப்டும் அமேசானும் குடியிருக்கும் வட்டாரம் அது. அருமையான வினாடி வினாக் கேள்வி. நான் இலவசமாகவே தருகிறேன், யாராவது கேட்டுப் பார்க்கட்டும்.

சாக்கடை அடைப்பை நீக்க கேரளத்தில் உருவான இயந்திரத்தின் பெயரை வேண்டுமானால் கேட்பார்கள். பேண்டிகூட் என்று பதில் வரும், கைதட்டல் கிடைக்கும். மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் என்று வந்தும், செயற்கைக்கோள் அனுப்பும் நாட்டில் மனிதன் ஏன் இன்னும் குழிக்குள் இறங்குகிறான், இறங்குகிறவன் ஏன் எப்போதும் ஒரே சாதிக்காரனாக இருக்கிறான் என்பதும் தொழில்நுட்பக் கேள்விதான். ஒரு சமூகம் எந்த வேலைக்கு இயந்திரம் கண்டுபிடிக்கிறது, எந்த வேலைக்கு அவசரமே காட்டுவதில்லை என்பதைவிடப் பெரிய தொழில்நுட்பக் கேள்வி எது? ஆனால் அதற்குப் பத்துப் புள்ளி கிடையாது.

தமிழுக்குக்கூட அங்கே இடமில்லை. முத்து நெடுமாறன் மலேசியாவில் 1985இல் முரசு மென்பொருளைச் செய்தது, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு தரம் பிறந்தது, எல்லாம் கணினி வரலாறுதான். 1935இல் பெரியார் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் அச்சுக்கோப்பவரின் பெட்டியில் இருந்த எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்த தொழில்நுட்பச் செயல்; 1978இல் அரசாணையாகி இன்று உங்கள் கைபேசித் திரையில் தெரிகிற ‘லை’யும் ‘னை’யும் அதன் விளைவு. தன் கைபேசியில் இருக்கும் எழுத்தின் வரலாறு தெரியாத பிள்ளை, ஆப்பிள் சின்னத்தின் வரலாற்றைச் சொல்லிக் கோப்பை வாங்குகிறது.

பேப்பர் கிளிப்பும் ஸ்டார் ஆபீசும்

இதைப் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. 2009இல் விழுப்புரம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. அறுபது பேருக்கு ஓடுகிற கணினிகள் நான்கு. பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கும் சொற்பத் தொகையில் வேலை பார்த்த எங்கள் கணினி ஆசிரியைக்கு, நகரத்துப் பள்ளி ஒன்றில் உடன்படித்தவர் யாரோ இருந்தார். அப்படித்தான் அந்தத் திருவிழாவைப் பற்றியே எங்களுக்குத் தெரியும். என்னையும் என் வகுப்புத் தோழியையும் காலை ஐந்தரை மணிப் பேருந்தில் கூட்டிப்போனார்.

பிழை திருத்தும் போட்டியின் முதல் சுற்று தாளில் நடந்தது. அதில் தேறினோம். கணினி கிடைக்காததால் நிரலைத் தாளிலேயே எழுதி, தாளிலேயே ஓட்டிப் பார்த்து, வெளியீடு என்ன வரும் என்று மனதாலேயே கணக்குப்போட்டுப் பழகியவர்கள் நாங்கள். எங்களுக்கு அது எளிது. வினாடி வினாவில்தான் மூச்சுமுட்டியது. மைக்ரோசாப்ட் ஆபீசில் வந்து உதவி செய்யும் பேப்பர் கிளிப்பின் பெயர் என்ன என்று ஒரு கேள்வி. எங்களுக்கு மைக்ரோசாப்ட் ஆபீஸ் என்பதே கேள்விப்பட்ட பொருள்தான். பதில்களை வாசித்து முடித்தபோது என் தோழி எழுந்து, “எங்க புக்குல ஸ்டார் ஆபீஸ்தான் சார் இருக்கு” என்றாள். நடத்துநர் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோய், “ஸ்டார் ஆபீஸா? அது இன்னும் உயிரோட இருக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அரங்கம் முழுக்கச் சிரித்தது.

அந்த அரங்கத்துக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். ஸ்டார் ஆபீசைச் செய்த நிறுவனத்தை 1980களில் ஜெர்மனியில் தொடங்கிய மார்கோ போரிஸ் அப்போது பள்ளி வயதுப் பையன். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2000இல் அதன் மூல நிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டு ஓபன் ஆபீஸ் ஆனது. 2010இல் அதிலிருந்து லிப்ரே ஆபீஸ் கிளைத்தது. இன்று உலகெங்கும் அரசுகளும் பள்ளிகளும் காசில்லாமல் பயன்படுத்தும் மென்பொருளின் மூதாதை எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. அதே காலத்தில்தான் உமாசங்கர் தலைமையிலிருந்த எல்காட் நிறுவனம் லினக்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்கிற, இந்த நூற்றாண்டின் முக்கியமான சண்டையின் ஒரு முனையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அரங்கம் எங்களைப் பின்தங்கியவர்கள் என்று முடிவுசெய்தது. எங்களிடம் இல்லாதது அறிவு அல்ல. எங்களிடம் இருந்த அறிவுக்கு அங்கே செலாவணி இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என் தோழி ஒரு மின்னணு ஆலையில் வேலைக்குப் போனாள். நான் கல்லூரிக்குப் போனேன். தாளில் அவள் நிரலை ஓட்டிப் பார்க்கும் வேகம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

மரபுரிமம்

எங்கள் சி++ புத்தகத்தில் ‘மரபுரிமம்’ என்று ஒரு பாடம் இருந்தது. அடிப்படை இனக்குழுவின் பண்புகள் தருவிக்கப்பட்ட இனக்குழுவுக்குத் தானாக வந்துசேரும். மறுபடி எழுத வேண்டியதில்லை. தமிழ்வழியில் கணினி படித்த எவருக்கும் இந்தச் சொற்கள் தெரியும். மடக்கு, செயற்கூறு, பல்லுருவாக்கம் எல்லாம் தெரியும். இந்தச் சொற்களில் ஒன்றையாவது எந்த ஐடி வினாடி வினா மேடையிலாவது யாராவது உச்சரித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் மரபுரிமம் என்ற கோட்பாட்டை அந்த மேடையைவிடத் தெளிவாக விளக்கும் செய்முறை வேறில்லை.

‘இதில் சாதி எங்கே வருகிறது? விண்ணப்பத்தில் சாதியைக் கேட்கவே இல்லையே’ என்பார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அது போராடிப் பெற்றது. ஆனால் விண்ணப்பத்தில் பள்ளியின் பெயர் இருக்கிறது. பள்ளியின் பெயருக்குப் பின்னால் குடியிருக்கும் பகுதி இருக்கிறது, வீட்டில் பேசும் ஆங்கிலம் இருக்கிறது, தாத்தா படித்த கல்லூரி இருக்கிறது. அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளிவந்த தன் நூலில் சென்னை ஐஐடியை முன்வைத்து எழுதியது இதைத்தான்: தலைமுறைகளாகச் சேர்ந்த சாதிச் சலுகை, தனிமனிதத் திறமை என்ற உடையில் வெளியே வருகிறது. அந்த உடைக்கு அளவெடுக்கும் தையல்கடைதான் பள்ளிக் கணினித் திருவிழா.

அந்தத் தனியார் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஆதிக்கச் சாதியினர் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ‘அப்பா என்ன பண்றார்’ என்ற கேள்விக்குப் பதிலை ஒத்திகை பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறவர்கள் அவர்கள்.

இரட்டை அளவுகோலுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கணினி போய்ச் சேர்ந்தது. உலகத்தில் எத்தனை அரசுகள் இதைச் செய்திருக்கின்றன? ஆனால் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் என்ன பேசினார்கள்? ‘இவனுங்க படம் பாக்கத்தான் வெச்சிருக்கானுங்க, கேம் ஆடத்தான் வெச்சிருக்கானுங்க.’ அதே வரவேற்பறைப் பிள்ளை கணினித் திருவிழாவில் கேம் ஆடினால் அது கேமிங் போட்டி, அதற்குக் கோப்பை. குறும்படம் எடுத்தால் மல்டிமீடியா, அதற்கும் கோப்பை. ஒரே கணினி, ஒரே விளையாட்டு. யாருடைய மடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது திறமையாகவோ திமிராகவோ மாறுகிறது.

விளையாட்டு எங்கே போய் முடிகிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குப் பொதுவாக இருக்கும் விண்ணப்பத்தில் பாடம் சாராச் செயல்பாடுகளுக்கு 10 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிக் கணினித் திருவிழாவின் கோப்பைகள் அந்தப் பத்துக் கட்டங்களைத் தேடித்தான் போகின்றன. இங்கேயும் காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சென்னை ஐஐடி 2024இல் விளையாட்டுச் சாதனையாளர்களுக்குக் கூடுதல் இடங்களைத் திறந்தது. கான்பூர் ஐஐடி 2025-26 கல்வியாண்டில் ஒலிம்பியாட் போட்டிகள் வழியாகச் சில இடங்களை நிரப்பத் தொடங்கியது. ஒலிம்பியாட் கடினமான போட்டி, அதை வினாடி வினாவோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் போட்டிகளில் கலந்துகொள்ளும் வாய்ப்பே சொத்தாக இருக்கும் நாட்டில், போட்டிகள் வழியாகச் சேர்க்கை என்ற கதவு திறந்தால் யார் முதலில் உள்ளே நுழைவார்கள் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

நகரத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் சாதகமாக இருந்த பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-07இல் ஒழித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொண்டுவந்தது. வாசலில் இவ்வளவு காவல் போட்ட நாம், கொல்லைப்புறத்தில் சின்னச் சின்ன நுழைவுத் தேர்வுகள் கோப்பையோடும் பலூனோடும் நடப்பதைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறோம்.

தனிக் குவளை வேண்டாம்

இந்த ஏற்றத்தாழ்வு நடத்துபவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் கண்டுபிடித்த மருந்து, தனிப் போட்டி. கர்நாடக அரசும் டிசிஎஸ் நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டிலிருந்து ‘கிராமப்புற ஐடி வினாடி வினா’ நடத்திவருகின்றன. சிற்றூர்ப் பிள்ளைகளை அது மேடையேற்றியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துவைத்த நாட்டில், ‘ஐடி வினாடி வினா’ என்று ஒன்றும் ‘கிராமப்புற ஐடி வினாடி வினா’ என்று ஒன்றும் இருப்பதை நாம் எப்படிப் படிப்பது? முதலாவதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. தேநீர்க் கடையில் நமக்கும் தேநீர் கொடுத்தார்கள். குவளைதான் வேறாக இருந்தது. தேநீர் கிடைத்ததே என்று நம் மூத்தவர்கள் திருப்தி அடைந்திருந்தால் இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டமே நடந்திருக்காது.

நம் கோரிக்கை தனிக் குவளை அல்ல, அதே குவளை. கணினித் திருவிழா நடத்தும் பள்ளிகளுக்குச் சொல்லிக்கொள்வது இது. பதிவுக் கட்டணத்தை எடுங்கள். அழைப்பைப் பொதுவில் வெளியிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு அணிகள் அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து வரட்டும், அவர்களுடைய பயணச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கேள்விகள் திரையில் தமிழிலும் வரட்டும். கேள்வி எழுதும் குழுவில் அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர்கள் உட்காரட்டும். பாதிப் புள்ளிகள் சொல்லுக்கு இல்லாமல் செயலுக்குப் போகட்டும்: பழுதான கணினியைச் சரிசெய்வது, தாளில் நிரலை ஓட்டிக் காட்டுவது, ஒரு ஊரின் தண்ணீர்ப் பிரச்சினைக்கு வழி யோசிப்பது. இதெல்லாம் முடியாது என்றால், அந்தக் கோப்பையில் ‘மாநில அளவிலான’ என்ற சொல்லைப் பொறிக்காதீர்கள். ‘எங்கள் நாலைந்து பள்ளிகளுக்குள்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அரசுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை கணினி தனிப்பாடமாக இல்லை. அறிவியல் புத்தகத்தின் கடைசியில் ‘காட்சித் தொடர்பு’ என்று ஒரு பாடமாக ஒதுங்கி நிற்கிறது. ஆண்டு முடிவதற்குள் அதுவரை வந்துசேரும் வகுப்புகள் எத்தனை? அரசுப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. அவற்றில் பிள்ளைகள் நிரல் எழுதும் நேரம் எவ்வளவு, தகவல் பதிவேற்றத்துக்குப் போகும் நேரம் எவ்வளவு என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். இணைய வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் துபாய்க்குக் கூட்டிப்போனது; நல்ல வேலை. அதே கல்வியாண்டில் கலைத் திருவிழாவைத் தொடங்கி, ஒயிலாட்டமும் பறையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எந்த உயரத்துக்குப் போகும் என்று காட்டியது. பள்ளியிலிருந்து மாநிலம் வரை கலைத் திருவிழா நடத்த முடிந்த அரசு, அதே அளவில் கணினித் திருவிழாவும் நடத்தலாம். கலை நமக்கு, கணினி அவர்களுக்கு என்று எந்த மனுவும் எழுதிவைக்கவில்லை. அந்தத் திருவிழா அரசுப் பள்ளி வளாகங்களில் நடக்கட்டும். தனியார் பள்ளிகளுக்கு அழைப்பு அனுப்புவோம். கட்டணமில்லாமல் விருந்தாளிகளாக அவர்கள் வந்து கலந்துகொள்ளட்டும்.

இளம் தோழர்களுக்கு ஒன்று. தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழ’னையும் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’கையும் நடத்தியபோது, அவர்கள் கையில் எடுத்தது அந்தக் காலத்தின் ஆகப் பெரிய தொழில்நுட்பமான அச்சு இயந்திரத்தை. யாருடைய அழைப்புக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. உங்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் ஊர் இரவுப் பாடசாலையில், படிப்பகத்தில், அம்பேத்கர் மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வினாடி வினா நடத்துங்கள். சியாட்டிலைப் பற்றிக் கேளுங்கள், ஸ்ரீபெரும்புதூரைப் பற்றிக் கேளுங்கள், எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கேளுங்கள், மரபுரிமம் என்றால் என்ன என்று தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் தப்பாகப் பதில் சொன்னால் அங்கே யாரும் சிரிக்கக் கூடாது என்பதை மட்டும் முதல் விதியாக எழுதிவையுங்கள்.